பஸ் திரும்ப ஓர் இடம்

போன வாரம் சங்கத்து மாடியில் நீங்கள் போட்ட சண்டையை, கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே முழுசாகக் கேட்டேன். ஒட்டுக்கேட்டதாக நினைக்காதீர்கள். அந்தச் சத்தம் மலைமேல் இருக்கிற முருகனுக்கே கேட்டிருக்கும். வரப்போகிற ஊராட்சித் தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று கீதா சொல்லியிருக்கிறாள். பாதிப் பேர் அவளைத் துரோகி என்றீர்கள். மீதிப் பேர், இத்தனை வருஷம் கொடி பிடித்துக் கத்தி என்னத்தைக் கிழித்தோம் என்றீர்கள்.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னா எஸ்தரம்மா, உங்க புள்ளைங்க இப்டி அடிச்சிகினு கீதுங்க, மேல போய் ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றார்.

"ரிட்டயர் ஆனவ போய் மூக்க நுழைச்சா நல்லா இருக்காதுங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். போனவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் இப்போது மூக்கை நுழைக்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் விசைத்தறிக் கூடங்களில் வேலை செய்கிற பெண்களைச் சேர்த்து இந்தச் சங்கத்தைக் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் என் குரல் இன்றும் இறங்காது. ரகசியம் பேசுகிறேன் என்று நினைத்துப் பேசினாலும் தெருக்கோடி வரை போகும். மனு எழுதுவது எப்படி, ஆர்ப்பாட்டத்துக்குப் போலீஸ் அனுமதி வாங்குவது எப்படி என்பதையெல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் அமுலுவைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து எதற்குச் சண்டை போடுகிறீர்களோ, அதே சண்டையை நானும் அவளும் ஐந்து வருஷம் போட்டோம். எங்களில் ஒருத்திகூட ஜெயிக்கவில்லை. ஆனால் ஒரு பஸ் ஜெயித்தது.

அமுலு பள்ளிப்பட்டு ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு ஊர்க் காலனிக்காரி. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே என் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். தறியில் வேலை செய்தாள். சங்கத்தில் கோஷம் போட அவளை விட்டால் ஆள் கிடையாது. அவள் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூடத் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்தபோது, "நான் நிக்கறேங்க்கா" என்றாள். நான் வேண்டாம் என்றேன். அந்த நாற்காலி எப்பேர்ப்பட்ட ஆளையும் மழுப்பிப் பேசவைத்துவிடும் என்று சொன்னேன். கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் இரண்டு பேரை நிறுத்தி ஓட்டைப் பிரித்துக்கொண்டார்கள், நடுவில் இவள் ஜெயித்துவிட்டாள்.

ஜெயித்த கொஞ்ச நாளிலேயே காலனி போர் மோட்டார் எரிந்துபோனது. தண்ணீர் இல்லை. பெண்கள் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள், நானும் போய் உட்கார்ந்தேன். அந்த வழியாக டி.வி.எஸ்ஸில் வந்தாள் அமுலு. எங்களைப் பார்த்ததும் வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு நேராக வந்து முன்வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் கோஷமும் எடுத்துக் கொடுத்தாள். "தலைவரே தலைவரே, தண்ணி எங்கே சொல்லுங்க." நாங்களும் ஆவேசமாகத் திருப்பிச் சொன்னோம். எங்களில் ஒருத்திக்கும் எதுவும் உறைக்கவில்லை. ஒன்றியத்திலிருந்து அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கி, "தலைவரம்மா எங்கே?" என்று கேட்டார். எல்லாரும் ரோட்டில் உட்கார்ந்திருந்தவளைக் கைகாட்டினோம்.

அவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, நீங்க இங்க உக்காந்துக்கிட்டு யாரைக் கேக்கறீங்க?" என்றார்.

பிறகுதான் சிரிப்பு வந்தது பாருங்கள், குடத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். அமுலு மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனாள். யாரைப் பிடித்தாளோ, யாரிடம் கெஞ்சினாளோ, மறுநாளே புது மோட்டார் இறங்கியது. சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தவள், "உங்ககூட ஒக்காந்ததும் எவ்ளோ நிம்மதியா இருந்துச்சி தெரியுமாக்கா? இனிமே அந்த நிம்மதி எனக்குக் கெடையாதுன்னு ஜீப்புல போவும்போதுதான் தெரிஞ்சிச்சி" என்றாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும், "நான்தான் நிக்காதன்னு சொன்னேனே" என்று குத்திக்காட்டாமல் விடவில்லை. என் வாய் அப்படி.

இப்போது பஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

திருத்தணியிலிருந்து வருகிற டவுன் பஸ், ஊர் முனையில் கங்கையம்மன் கோயில் ஆர்ச் வரைக்கும் வந்து திரும்பிவிடும். காலனி அதற்கும் அப்பால். நடுவில் வீடு வாசல் எதுவும் இல்லை, முழுக்க மாந்தோப்பு. சாயங்காலமானால் தோப்பு ஓரத்தில் குடிக்கிற கூட்டம் உட்கார்ந்துவிடும். தறி முடிந்து வருகிற பெண்கள் கும்பலாகச் சேர்ந்து நடப்பார்கள். பத்தாவது வரைக்கும் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் உண்டு. பதினொன்றாவதுக்குத் திருத்தணி போக வேண்டும். காலனியில் பத்தாவதோடு நின்ற பெண்கள்தான் நிறைய. அத்தனை பேரும் நேராகத் தறிக்குத்தான் வந்தார்கள்.

பஸ்ஸைக் காலனி வரைக்கும் விடு என்று நாங்கள் கேட்காத நாள் இல்லை. டெப்போவில் ஒரே பதில், "பஸ் திருப்ப இடம் இல்லைம்மா." ஒரு முறை பெரிய மறியல் செய்தோம். மேலே இருந்து உத்தரவு வந்து, பஸ்ஸும் வந்தது. எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஆர்ச்சிலிருந்து காலனி வரைக்கும் ரிவர்ஸிலேயே வந்தது. கண்டக்டர் பின்னால் நடந்துகொண்டே விசில் ஊதினார். ஆடு, கோழி எல்லாம் ஓடின. நாங்கள் கைதட்டினோம், சங்கத்தில் கேசரி கிண்டினோம். ஒரு வாரம் ஓடியது. அப்புறம் ஒருநாள் பின்சக்கரம் கால்வாயில் இறங்கிவிட்டது. அதோடு போச்சு. கேசரி தின்றதுதான் மிச்சம் என்று இன்றுவரைக்கும் எங்களைக் கேலி செய்கிறார்கள்.

அமுலுவின் பதவிக்காலம் முடிய இன்னும் கொஞ்ச காலம் இருந்தபோது, காலனியில் செல்வியின் மகள் பிரியா பத்தாவது எழுதினாள். செல்வி எங்கள் சங்கத்துப் பெண், இரண்டு தறி ஓட்டுபவள். புருஷன் இல்லை. அவள் என்னிடமும் அமுலுவிடமும் ஒரே பேச்சைச் சொன்னாள். "ஜூன்ல பஸ் காலனிக்கு வந்தா பிரியா படிக்கும். வரலேன்னா என்கூடத் தறிக்கு வரும். நான் தறிய வுட்டுட்டு தெனம் அத ஆர்ச்சு வரைக்கும் கூட்டிகினு போய் வுடமுடியாது. ஒண்டியா அனுப்பவும் மாட்டேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். பெண்களைத் திரட்டி மறுபடியும் டெப்போ வாசலில் உட்கார்ந்தேன். அமுலு வேறு வழியில் போனாள். பஸ் திருப்ப இடம்தானே பிரச்சினை என்று, காலனி முனையில் தோப்பு முடிகிற மூலையைப் பார்த்தாள். பஸ் ஒரு வட்டம் போட அந்த மூலை போதும். ஆனால் அந்த மூலை தோப்பு நைனாவுக்குச் சொந்தம்.

அந்த ஊரில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். மாந்தோப்புக்காரரை ஊரே நைனா என்றுதான் கூப்பிடும், தெலுங்கில் அப்பா என்று அர்த்தம். நல்ல உயரம், வெள்ளை வேட்டி, கையில் எப்போதும் குடை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிறந்ததிலிருந்து காலனிக்குள் ஓர் அடி வைத்ததில்லை. காலனி ஆள் எதிரில் வந்தால் ரோட்டில் நின்று பேசுவார், அதுவும் கொஞ்சம் தள்ளி நின்று. அவரிடமா போய் இடம் கேட்கிறாள், வேலையற்றவள் என்று நினைத்தேன்.

கே.ஜி.கண்டிகையில் ஒரு டீக்கடையில் என்னை வரச்சொல்லி, எனக்கு வடையும் வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள். வடை வாங்கிக் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம்.

"நைனா எடம் குடுக்கறாருக்கா."

"சும்மாவா?"

"துட்டு வாணாம்னுட்டாரு. அங்க கட்ற நிழற்குடைல அவங்கப்பா பேரு போடணும்."

"அவரு கேட்டாரா?"

"இல்ல. நான்தான் சொன்னேன்."

கையிலிருந்த வடையைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு திருத்தணிக்கு நடந்து போகிறவர்களுக்கு, நைனாவின் அப்பா அந்த ரோட்டில் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தார். அவர் பெயர் வெட்டிய கல் ஒன்று அங்கே நின்றது. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம்தான், ஆனாலும் சின்ன வயதில் சிநேகிதிகளோடு காவடி பார்க்க நானும் அந்த ரோட்டில் நடந்திருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் டம்ளரில் மோர் கொடுப்பார்கள். எங்களைப் பார்த்தால், "தள்ளி நில்லு" என்று சொல்லி, கையேந்தச் சொல்லி, மேலேயிருந்து ஊற்றுவார்கள். பாதி கையில் விழும், பாதி பாவாடையில் விழும். ரோடு அகலப்படுத்தியபோது பந்தலும் போயிற்று, கல்லையும் பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். அந்தக் கல் போனதுதான் நைனாவுக்கு ஆறாத வருத்தம். அமுலு அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பந்தல்ல உன் கையில எப்டி ஊத்துனாங்கன்னு மறந்துட்டியாடி?" என்று கேட்டேன். என் குரலுக்குக் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மறக்கலக்கா. மறந்திருந்தா எனக்கு அந்தக் கல்லு ஞாபகமே வந்திருக்காது."

"நம்ம காலனி வாசல்ல அவங்கப்பா பேரா? எந்த வாயால சொன்ன?"

"பிரியாவுக்கு ஸ்கூல் தொறக்குது" என்றாள்.

"நீ தெறப்பு விழா வையி. நான் கறுப்புக் கொடியோட வந்து நிக்கறேன்."

"நெஜமாவா?"

"ஆங்."

அவள் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. டீக்கு நானே காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பிள்ளைகளே, இதற்காக நான் இன்று வருத்தப்படுகிறேன் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இன்றைக்கு அவள் அதையே செய்தாலும் நான் அதையேதான் சொல்வேன். அந்தப் பந்தலில் எனக்கு நடந்தது தப்பு. ஐம்பது வருஷம் கழித்தும் தப்பு. அதைத் தப்பு என்று உரக்கச் சொல்ல ஓர் ஆள் ஊரில் இருக்க வேண்டும், அந்த ஆள் யார் மனம் நோகும் என்று பார்க்கக் கூடாது. அமுலுவால் அப்படி இருக்க முடியாது. எனக்கு நைனா எதிராளி, அவ்வளவோடு முடிந்தது. அவளுக்கு நைனா எதிராளி, இடத்துக்குச் சொந்தக்காரர், நாளைக்கு ஊராட்சிக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காரப்போகிறவர், எல்லாம் ஒரே ஆள்தான். "தப்பு" என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். அவள், "சரி, இப்ப இன்னா பண்ணலாம்?" என்று கேட்டாக வேண்டும்.

காலனியில் பெண்களைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன். எல்லாரும் கொதித்தார்கள், செல்வியைத் தவிர. அவள் கடைசியாகத்தான் வாயைத் திறந்தாள். "பேரு போட்டுக்கட்டும்க்கா. கல்லுல இருக்கற எழுத்து மேலயா என் பொண்ணு ஏறப்போவுது? பஸ்ஸு மேலதான ஏறப்போவுது. ஆனா ஒண்ணு. அந்த ஆளு அதே பஸ்ல ஏறி வந்து காலனில எறங்கணும். எறங்கி எங்க கையால தண்ணி வாங்கிக் குடிக்கணும். டம்ளர்லதான் குடுப்பேன். நாங்க ஒண்ணும் கையில ஊத்தமாட்டோம்."

சங்கம் கட்டினேன், சங்கம் கட்டினேன் என்று பெருமை பேசுகிறேனே, அன்றைக்குத்தான் நிஜமாகவே பெருமைப்பட்டேன். அதை அப்படியே அமுலுவிடம் போய்ச் சொன்னேன். இது நடந்தால் கறுப்புக் கொடி இல்லை, நடக்காவிட்டால் உண்டு.

அமுலு போய் நைனாவிடம் என்ன பேசினாள் என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டு நாள் கழித்து, "வரேன்னுட்டாருக்கா" என்று மட்டும் சொல்லியனுப்பினாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கே பஸ்ஸையும் வரவைத்துவிட்டாள், கெட்டிக்காரி. முன்னால் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், ஒரு மாலை. பஸ் ஆர்ச்சைத் தாண்டித் தோப்புக்குள் நுழைந்தபோது காலனியே ரோட்டுக்கு வந்துவிட்டது. மூலையில் வந்து, டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்து, ஒரே வட்டமாகத் திருப்பி நிறுத்தினார். ரிவர்ஸ் இல்லை, விசில் இல்லை. அந்தத் திருப்பத்தைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு பஸ் திரும்புவதைப் பார்த்து அழுகிற பைத்தியங்கள் நாங்கள்தான்.

நைனா முன்படி வழியாக இறங்கினார். பிறந்ததிலிருந்து முதல் முறை. நிழற்குடைக் கல்லில் அப்பா பெயரைப் பார்த்தார், கும்பிட்டார். செல்வி தட்டில் ஒரு டம்ளரில் மோரை வைத்துக்கொண்டு எதிரில் போய் நின்றாள். அவர் டம்ளரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அமுலு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவர் எடுத்தார், குடித்தார். பாதிதான் குடித்தார், மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பாதிதான். ஆனால் குடித்தார். பிரியா அன்றைக்கு அந்த பஸ்ஸில் பதினொன்றாவதுக்குப் போனாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்கள் நேரத்தைக் கெடுத்திருக்க மாட்டேன். கல்யாண வீட்டுப் போட்டோ மாதிரி எல்லாரும் சிரித்துக்கொண்டே நின்றுவிடுவதில்லை.

அடுத்த வருஷம் அமுலுவின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வரவில்லை, அதிகாரிதான் ஊராட்சியைப் பார்த்துக்கொண்டார். அதற்குள் ஊரில் ஒரு புகைச்சல். இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். முன்பு பஸ் ஆர்ச்சிலிருந்து கிளம்பும், ஊர்க்காரர்கள் ஏறி உட்காருவார்கள். இப்போது பஸ் காலனியிலிருந்து கிளம்புகிறது. காலனிப் பெண்கள் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டு வருகிறார்கள். ஆர்ச்சில் ஏறுகிறவர்கள் நிற்க வேண்டியிருக்கிறது. அவர்கள் உட்கார்ந்திருக்க நாம் நிற்பதா? இதுதான் புகைச்சல். யார் போய் என்ன சொன்னார்களோ, டெப்போவில் ஆள் பற்றாக்குறை என்று சொல்லி பஸ்ஸை மறுபடியும் ஆர்ச்சோடு நிறுத்திவிட்டார்கள். பிரியாவுக்குப் பன்னிரண்டாவது பொதுத்தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. செல்வி தறிக்கு லீவு போட்டுவிட்டு மகளோடு நடக்க ஆரம்பித்தாள். தறிக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்?

அமுலு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். முன்னாள் தலைவர் என்று நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஒருநாள் காலையில் வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்தாள்.

"எஸ்தரக்கா, மறியல் எப்போ?"

"யார எதுத்து?" என்று கேட்டேன்.

அவளுக்கு அந்தப் பழைய ஜீப் ஞாபகம் வந்துவிட்டது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆர்ச் எதிரிலேயே உட்கார்ந்தோம். நல்ல வெயில். பஸ் நின்றது. பின்னால் லாரிகள் நின்றன. ஊர்க்காரர்கள் ஓர் ஓரமாகக் கூடி, "இதுங்களுக்கு வேற வேலையே இல்ல" என்று எங்கள் காதில் விழும்படியே பேசினார்கள். பேச்சு முற்றியது, நாலு பேர் கையை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அந்த நேரத்தில்தான் குடையைப் பிடித்துக்கொண்டு தோப்பு நைனா வந்தார். செத்தோம், இந்த ஆளும் வந்துவிட்டாரா என்று நினைத்தேன்.

அவர் ஊர்க்காரர்களைத் தாண்டி வந்து, எங்கள் எதிரில் நின்று, என்னைத்தான் பார்த்தார்.

"நீதான அந்த எஸ்தரு?"

"ஆமாங்க நைனா."

"நான் அந்த பஸ்ல வரலேன்னா என் வூட்டு வாசல்ல பந்தல் போட்டு ஒக்காந்துருவேன், சாப்புடாமயே கெடப்பேன்னு சொன்னியாமே?"

நான் அப்படிச் சொன்னதே இல்லை. மெதுவாகத் திரும்பி அமுலுவைப் பார்த்தேன். அவள் மும்முரமாகத் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னைப் பெரிய ராட்சசியாகக் காட்டித்தான் அன்றைக்கு இந்த மனிதரை பஸ்ஸில் ஏற்றியிருக்கிறாள். நான் முறைத்துக்கொண்டு வெளியே நின்றதைத்தான் அவள் உள்ளே கொண்டுபோய் விற்றிருக்கிறாள். கோபம் வந்தது. கோபம் வந்த கையோடு பெருமையும் வந்தது. நான் நெளிந்துகொடுத்திருந்தால் அவளிடம் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. நான் வந்து நிற்பேன் என்று நைனா நம்பினார் பாருங்கள், அது என் இத்தனை வருஷச் சம்பாத்தியம்.

"ஆமாங்க, சொன்னேன்" என்றேன்.

நைனா தலையை ஆட்டினார். "எங்க நைனா பேரு போட்ட எடத்துக்கு பஸ்ஸு வரலேன்னா எனக்கென்ன மரியாதை? பேரு மட்டும் அங்க வெயில்ல காஞ்சிகினு கெடக்கணுமா?" என்று ஊர்க்காரர்கள் பக்கம் பார்த்துச் சொன்னார். பிறகு குடையை மடக்கிவிட்டு என்னிடம், "எங்க ஒக்காரணும்?" என்று கேட்டார்.

"நடுவுல ஒக்காருங்க நைனா" என்றேன்.

துண்டை விரித்து உட்கார்ந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. கையை ஓங்கியவர்கள் கையை இறக்கிவிட்டார்கள். அவர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவர்களால் என்ன கத்த முடியும்? எந்தக் கல்லுக்காக நான் டீக்கடையில் அமுலுவோடு சண்டை போட்டேனோ, அந்தக் கல்தான் அந்த மனிதரை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது. ஆனால் கல் மட்டும் வந்து ரோட்டில் உட்காராது. உட்காரலாம் என்று காட்ட நாங்கள் முதலில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. செல்வி தண்ணீர் பாட்டிலை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தாள். அவர் முறை வந்தபோது அண்ணாந்து மடமடவென்று குடித்தார். இந்த முறை மீதி வைக்கவில்லை.

மதியத்துக்குள் அதிகாரி வந்து, போனில் பேசி, பஸ் காலனிக்கே போகட்டும் என்றார். நாங்கள் எல்லாரும் ஏறினோம், நைனாவும் ஏறினார். அவர் வீடு ஆர்ச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நடந்தே போயிருக்கலாம். "கல்லு எப்டி கீதுன்னு பாக்கணும்" என்றார். காலனியில் பஸ் வட்டம் போட்டு நின்றதும் இறங்கிப் போய், துண்டால் கல்லைத் துடைத்தார். அவர் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், வேலைக்குப் போக வேண்டிய காலனி ஆட்கள் திமுதிமுவென்று ஏறி எல்லா சீட்டிலும் உட்கார்ந்துவிட்டார்கள். திருத்தணிக்குப் போக நானும் அமுலுவும் முன்னால் பெண்கள் சீட்டில் இருந்தோம். பிரியா புத்தகப் பையோடு ஜன்னல் ஓரம் பிடித்திருந்தாள்.

நைனா கடைசியாக ஏறினார். ஒரு சீட்டும் காலி இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அமுலு சட்டென்று எழப்போனாள். இடம் கொடுத்த மனிதர், இன்றைக்கு வெயிலில் நமக்காக உட்கார்ந்த மனிதர், அவரை எப்படி நிற்கவைப்பது என்று அவளுக்குத் தாங்கவில்லை. நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். ஊரே எதற்காகப் புகைந்ததோ, அந்த இடம் இது. இன்றைக்கு நாம் எழுந்தால் நாளைக்குப் பிரியாவும் எழ வேண்டும். அமுலு என்னை முறைத்தாள், நான் அவளை முறைத்தேன். அவள் பாதி எழுந்தும் எழாமலும் இருந்தாள், நான் முந்தானையை விடவில்லை.

நைனா இருவரையும் பார்த்தார். "ஒக்காரும்மா, இருக்கட்டும். ஆர்ச்சுகிட்ட எறங்கிக்கறேன்" என்றார். ஆர்ச் வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தார்.

கீதா, நீ தேர்தலில் நில். நின்று ஜெயித்தால் ஒருநாள் நீயும் அப்படித்தான் எழப்போவாய், எழத்தான் வேண்டும், அது உன் வேலை. மற்றவர்கள் அவளைத் துரோகி என்று சொல்லி வேறு பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள். பக்கத்திலேயே உட்காருங்கள். முந்தானையை விடாதீர்கள்.